கட்சிக்காரர் சொன்னபடி

இன்ஸ்ட்ரக்ட் என்ற இங்கிலீஷ் சொல் எனக்குப் பிடிக்காது. வக்கீல் தொழிலில் இருந்துகொண்டு இப்படிச் சொல்வது, சமையல்காரன் உப்பு பிடிக்காது என்று சொல்வது மாதிரி. இருக்கட்டும். பிடிக்காது.

பள்ளிக்கூடத்தில் அதற்கு இரண்டு அர்த்தம் சொன்னார்கள். கற்றுக்கொடு என்பது ஒன்று, உத்தரவு போடு என்பது இன்னொன்று. இரண்டும் எப்படி ஒரே சொல்லுக்குள் இருக்க முடியும் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை. என் அப்பா தோட்டத்தில் கூலி வேலை செய்தவர். விடிந்ததும் தோட்டத்துக்காரர் வரப்பில் நின்று சொல்வார், அப்பா செய்வார். மடை திருப்புவது, மருந்து கலக்குவது, மோட்டார் போடுவது என்று அப்பா கற்ற எல்லாமே திட்டு வாங்கிக் கற்றதுதான். எங்கள் வீட்டைப் பொறுத்தவரை இரண்டு அர்த்தமும் ஒன்றாகத்தான் வந்தது.

சட்டம் படித்துவிட்டு, தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் கோயமுத்தூரில் ஒரு சீனியர் வக்கீலிடம் ஜூனியராகச் சேர்ந்தேன். அங்கேதான் அந்தச் சொல்லுக்கு இன்னொரு உபயோகம் இருப்பது தெரிந்தது. வழக்கு யாருடையதோ அவரைக் கட்சிக்காரர் என்போம். கட்சிக்காரர் வக்கீலுக்கு இன்ஸ்ட்ரக்ஷன் கொடுக்கிறார். அதாவது அவர் சொல்ல வேண்டும், வக்கீல் செய்ய வேண்டும். கறுப்புக் கோட்டுப் போட்ட பெரிய மனிதர்களெல்லாம் ஜட்ஜ் முன்னால் எழுந்து நின்று, "எனக்கு வந்திருக்கும் இன்ஸ்ட்ரக்ஷன் என்னவென்றால்" என்று ஆரம்பிப்பார்கள். முதல் தடவை கேட்டபோது எனக்குப் பெருமையாக இருந்தது. என் அப்பா மாதிரி ஒரு ஆள் வழக்குப் போட்டால், என் சீனியர் மாதிரி ஒரு ஆள் அவர் உத்தரவுக்குக் காத்து நிற்க வேண்டும். சட்டம் அப்படித்தான் வைத்திருக்கிறது. நான் அதை நம்பினேன். இருபத்து நாலு வயது, நம்பினேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரு பெண் வீடு இழந்தார். அதில் என் பங்கு என்ன என்பதைத்தான் எழுதுகிறேன்.

அவர் சூலூரைத் தாண்டி ஒரு ஊர். ஐம்பது வயது இருக்கும். என் அம்மாவுக்குத் தூரத்தில் தெரிந்தவர். நம்ம சனத்தில் ஒரு பையன் வக்கீலாகிவிட்டான் என்று யாரோ சொல்லி, ஒரு திங்கட்கிழமை ஆபீஸுக்கு வந்து வாசலிலேயே நின்றார். உள்ளே வரச் சொன்னேன். செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். நாற்காலியில் உட்காரச் சொன்னேன், "இருக்கட்டுங்க" என்று நின்றார். நான் எழுந்து நின்ற பிறகுதான் உட்கார்ந்தார். நான் அவரை அக்கா என்றேன். அவர் என்னை முதலில் தம்பி என்றார், சீனியர் அறைக் கதவு திறந்ததும் சார் என்றார்.

விஷயம் இதுதான். அக்காவின் புருஷன் ஒரு தோட்டத்தில் காலமெல்லாம் வேலை செய்தவர். அந்தத் தோட்டத்தின் ஓரத்தில், ரோட்டை ஒட்டி, நாலு சென்ட்டில் ஓட்டு வீடு. முப்பது வருஷத்துக்கு மேல் அதில்தான் இருக்கிறார்கள். புருஷன் செத்த பிறகு அக்கா தோட்ட வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டு, வீட்டு முன்னால் கீற்றுப் பந்தல் போட்டு இட்லிக் கடை வைத்தார். அந்த இடத்தில்தான் மூன்று நூல் மில்களின் வண்டிகள் வந்து ஆள் ஏற்றும். ஷிப்டுக்குப் போகிறவர்களும் ஷிப்டு முடிந்து இறங்குகிறவர்களும் அங்கே சாப்பிடுவார்கள். அக்காவின் ஒரே மகளும் அதில் ஒரு மில்லில்தான் வேலை. அந்தக் கடைதான் அவருக்குச் சோறு. வீடு போனால் வீடு மட்டும் போகாது.

ரோட்டோர நிலத்துக்கு மவுசு வந்ததும் தோட்டத்துக்காரர் கோர்ட்டுக்குப் போனார். வேலை செய்யும் வரைக்கும் இருக்கட்டும் என்று இரக்கப்பட்டுக் கொடுத்த குடிசை, இப்போது வேலைக்கு வருவதில்லை, காலி செய்ய வேண்டும் என்று வழக்கு. அக்காவிடம் புருஷன் பேரில் வீட்டு வரி ரசீதுகள் இருந்தன. கரண்ட் அட்டை இருந்தது. தோட்டக் கூலிகள் குடியிருந்த இடம் அவர்களுக்கே சேர வேண்டும் என்று ஒரு சட்டமும் இருந்தது. ஜெயிக்கலாம், தோற்கலாம். ஆனால் சண்டை போடுவதற்கு வேண்டியது எல்லாம் இருந்தது.

"என்னங்க்கா, என்ன பண்ணலாம்?" என்று கேட்டேன்.

"நானென்னத்தைங்க சொல்றது? நீங்க படிச்சவிங்க. பாத்து செஞ்சாச் சரிங்க."

"அப்படி இல்லீங்க்கா. நீங்க சொன்னாத்தான் நாங்க செய்ய முடியும். நீங்கதான் எங்களுக்கு உத்தரவு போடோணும்."

அக்கா பயந்துவிட்டார். பிறகு சிரித்தார். "நல்லாச் சொன்னீங்க போங்க. நானு உங்களுக்கு உத்தரவு போடறதா? என்ற கோழியே நாங்கூப்ட்டா வராதுங்க."

நானும் சிரித்தேன். அங்கேயே நிறுத்தி, இல்லை அக்கா, இது விளையாட்டில்லை, நிஜமாகவே நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்து புரியவைத்திருக்க வேண்டும். அரை மணி நேரம் ஆகியிருக்கும். எனக்கு வேறு சோலி இருந்தது. வக்காலத்தில் கையெழுத்து வாங்கினேன். மகள் சொல்லிக்கொடுத்ததாம், ஒவ்வொரு எழுத்தாகப் போட்டு, கடைசி எழுத்துக்கு முன்னால் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போட்டார்.

கோயமுத்தூர்க்காரர்கள் மரியாதையாகப் பேசுவார்கள் என்று வெளியூரில் போகிற இடமெல்லாம் சொல்கிறார்கள். சினிமாவில் வேறு காட்டுகிறார்கள். எனக்கு எரிச்சலாக வரும். அந்த 'ங்க' எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போகிறது என்று எவனும் பார்ப்பதில்லை. தோட்டத்துக்காரர் என் அப்பாவிடம் பேசியதில் ஒரு 'ங்க' நான் கேட்டதில்லை. அப்பா பேசியதில் 'ங்க' இல்லாத வாக்கியத்தையும் கேட்டதில்லை.

எங்கள் ஆட்கள் முடியாது என்று சொல்லும் விதம் ஒன்று உண்டு. அதைத் தெரிந்துகொள்ளாமல் இதைப் படித்துப் பிரயோஜனமில்லை. ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்கு வா என்று தோட்டத்தில் சொன்னால், என் அம்மா வரமாட்டேன் என்று சொல்லமாட்டாள். "கோயலுக்குப் போனா ரெண்டு மணி ஆயிருமுங்க" என்பாள். "பெரியவனுக்குக் காச்சல் அடிக்கற மாதிரி இருக்குதுங்க" என்பாள். கடைசியில், "நீங்க சொன்னாச் சரிங்க" என்பாள். இதில் முதல் இரண்டும்தான் பதில். கடைசியில் சொன்னது வணக்கம் மாதிரி, பேச்சை முடிக்கச் சொல்வது. தோட்டத்துக்காரருக்கும் இது தெரியும். தெரிந்துகொண்டே, கடைசியில் சொன்னதை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

நான் அந்த வீட்டில் வளர்ந்தவன். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

வழக்கு ஒன்றரை வருஷம் இழுத்தது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அக்கா கடையை மூடிவிட்டு வருவார். வர வேண்டாம், தேவையென்றால் சொல்லி அனுப்புகிறேன் என்றாலும் வருவார். கோர்ட் வராந்தாவில் தூணோரம் நின்று, பேரைக் கூப்பிட்டதும் கையெடுத்துக் கும்பிடுவார். கும்பிட வேண்டாம் என்று நான் சொன்னதில்லை. எல்லோரும் கும்பிட்டார்கள்.

ஒரு நாள் காலை சீனியர் கூப்பிட்டார். அவர் கெட்டவரில்லை. ஜூனியர்களுக்கு மதியம் சாப்பாடு போட்டவர், என்னைச் சாதி கேட்காமல் சேர்த்துக்கொண்டவர். ஆனால் அவருக்கு வழக்குக் கட்டுகள் குறைய வேண்டும். மேஜையில் இருக்கும் கட்டு முடிந்து அலமாரிக்குப் போக வேண்டும்.

"ஏம்ப்பா, அந்த இட்லிக்கடை அம்மா கேஸு. எதிர்த் தரப்புல ராஜிக்கு வர்றாங்க. ஓடைப் பக்கம் ரெண்டு சென்ட் எழுதிக் குடுக்கறாங்களாம், பட்டாவோட. மூணு மாசத்துல காலி பண்ணிரோணும்."

"அவங்களுக்கு ரோட்டோரம் இருந்தாத்தான் சார் கடை..."

"தோத்தா என்ன கெடைக்கும்? ஒண்ணுங் கெடைக்காது. இது எழுத்துல வருது. இன்னிக்கே முடிச்சுரலாம். நீ போயி அந்தம்மாகிட்ட இன்ஸ்ட்ரக்ஷன் வாங்கிட்டு வந்துரு."

வாங்கிட்டு வந்துரு. அவர் சொன்னது புத்தகத்தில் இருக்கும் இன்ஸ்ட்ரக்ஷன் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். தோட்டத்துக்காரர் அவருடைய வக்கீலிடம் சொன்னார், அந்த வக்கீல் கோர்ட்டில் வக்கீல்கள் உட்காரும் அறையில் வைத்து என் சீனியரிடம் சொன்னார், சீனியர் என்னிடம் சொன்னார், நான் அக்காவிடம் போய்ச் சொல்ல வேண்டும். பேப்பரில் மட்டும் அது தலைகீழாக இருக்கும். அக்கா எனக்குச் சொன்னதாக, நான் சீனியருக்குச் சொன்னதாக, சீனியர் கோர்ட்டுக்குச் சொன்னதாக.

வராந்தாவுக்குப் போனேன். அக்கா தூணோரம் நின்றிருந்தார். என் கையில் ராஜி மனு இருந்தது. மரத்தடி டைப்பிஸ்ட் ஏற்கெனவே அடித்து முடித்திருந்தார். அதைக்கூட அக்காவைக் கேட்டபிறகு அடிக்கவில்லை.

"ஏனுங்க்கா, தோட்டத்துக்காரரு ஓடைக்கரையில ரெண்டு சென்ட் தர்றாராம். உங்க பேருக்கே பட்டா."

"ஓடைக்கரைங்களா?" என்றார். "மழைக் காலத்துல அங்க மொழங்கால் தண்ணி நிக்குமுங்க."

"மேடாக்கிக்கலாங்க்கா."

"அந்தப் பக்கம் மில்லு வண்டி வராதுங்களே."

நான் கையிலிருந்த மனுவைப் புரட்டினேன்.

"என்ற புள்ளையும் ஷிப்டு முடிஞ்சு எறங்கி, அந்தக் காட்டு வழியில தனியா நடந்து வரோணுமுங்க."

மூன்று தடவை சொல்லிவிட்டார். மூன்று தடவை மாட்டேன் என்று சொல்லிவிட்டார். என் அம்மா சொல்கிற மாதிரியே, அதே குரலில், அதே மாதிரி முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு. எனக்குப் புரியவில்லை என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியே இல்லை. சீனியருக்குப் புரிந்திருக்காது. ஜட்ஜுக்குப் புரிந்திருக்காது. அந்தக் கட்டிடத்தில் அதைப் புரிந்துகொள்ளக்கூடிய கறுப்புக் கோட்டு என்னுடையது ஒன்றுதான்.

உள்ளே எங்கள் வழக்கைக் கூப்பிட இன்னும் நாலைந்து எண்தான் இருந்தது. சீனியர் வாசலில் வந்து நின்று என்னைப் பார்த்தார்.

"நல்லதுக்குத்தான் சொல்றேங்க்கா. சரிதானுங்களே?" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு சீனியரைப் பார்த்தார். "நீங்க பாத்து சொன்னாச் சரிங்க சார்" என்றார்.

அதை எடுத்துக்கொண்டேன். தோட்டத்துக்காரர் எடுத்துக்கொள்கிற மாதிரியே எடுத்துக்கொண்டேன்.

கையெழுத்துப் போட்டார். "இங்கதானுங்களா?" என்று கேட்டுக் கேட்டு மூன்று இடத்தில் போட்டார். இன்றோடு வழக்கு முடிகிறது என்று நான் சொல்லவில்லை. இதில் போட்டால் மூன்று மாதத்தில் கடையைப் பிரிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. மனுவை வாசித்துக் காட்டவில்லை. ஜட்ஜ் கேட்டார், "இதுல சொல்லியிருக்கறது உங்களுக்குச் சம்மதமாம்மா?" அக்கா கும்பிட்டு, "சரிங்க சாமி" என்றார். சீனியர் எழுந்து, கட்சிக்காரரின் இன்ஸ்ட்ரக்ஷன்படி என்று ஆரம்பித்து இரண்டு வரி சொன்னார். அவ்வளவுதான். வெளியே வந்து கட்டின் மேலட்டையில் நான் எழுதினேன்: கட்சிக்காரர் ஆஜர். அவர் சொன்னபடி ராஜி தாக்கல்.

மத்தியானம் சீனியர் என் தோளில் தட்டி, "வேலைய நல்லா முடிச்சே" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதிவிட வேண்டும். சந்தோஷமாகத்தான் இருந்தது.

மூன்று வாரம் கழித்து அக்கா ஆபீஸுக்கு வந்தார். பாத்திரத்தில் இட்லியும் எள்ளுப் பொடியும் கொண்டுவந்திருந்தார். எனக்குக் கொடுத்துவிட்டு, "அடுத்த வாய்தா எப்பங்க? அன்னிக்கு ஆரும் சொல்லாம அனுப்பிச்சுப்போட்டாங்க" என்றார்.

நான் இட்லியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"வாய்தா இல்லீங்க்கா. கேசு முடிஞ்சுருச்சு."

"முடிஞ்சுருச்சுங்களா?" முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப ஊடு நம்முளுதுன்னு ஆயிருச்சுங்களா?"

எப்படிச் சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. சொன்னேன். அன்றைக்குக் கையெழுத்துப் போட்டது அதற்குத்தான், ஓடைக்கரை இடத்துக்கு ஒத்துக்கொண்டதாகத்தான் என்று சொன்னேன். அவர் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். உட்கார்ந்த இடத்திலிருந்து நகராமல் கேட்டார்.

"நானு ஒத்துக்கலீங்களே. வண்டி வராதுன்னு சொன்னேனே. நீங்களுங் கேட்டீங்களே."

"சரின்னு சொன்னீங்களேக்கா. ஜட்ஜய்யா கேட்டப்பவும்..."

"பெரியவிங்க கேட்டா வேற என்னத்தச் சொல்றது?"

பிறகு ஒன்று நடந்தது. என் முப்பது வருஷத் தொழிலில் இதற்கு முன்னும் பின்னும் நான் அப்படிக் கேட்டதில்லை. அக்கா நாற்காலியிலிருந்து எழுந்து நின்று, குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"கண்ணு, எனக்கு ஒப்பில்ல. அந்த ஊட்ட உட்டு நானு போகமாட்டேன். நீ போயி அந்த ஜட்ஜுகிட்டச் சொல்லு, இந்தம்மா ஒத்துக்கலைன்னு. நானுதான் தெரியாமச் சொல்லிப்போட்டேன்னு சொல்லு. போயிச் சொல்லு."

'ங்க' இல்லை. 'சரி' இல்லை. போ, சொல்லு. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால், எனக்கு உத்தரவு போடுங்கள் என்று நான் கேட்டேனே, போட்டுவிட்டார். ஒரு கட்சிக்காரர் வக்கீலுக்குக் கொடுக்கக்கூடிய இன்ஸ்ட்ரக்ஷன் அதைவிடத் தெளிவாக இருக்க முடியாது. சட்டப் புத்தகத்தில் உதாரணமாகவே போடலாம்.

"பாக்கறேங்க்கா" என்றேன்.

வழி இருந்தது. சம்மதமில்லாமல் போட்ட ராஜி என்று அதே கோர்ட்டில் மனுப் போடலாம். வழக்கைத் திரும்பத் திறக்கலாம். சீனியரிடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிதானமாகக் கேட்டார்.

"மனுப் போடலாம். கூட அபிடவிட் வேணுமே? ஆரு குடுப்பாங்க? அந்தம்மா குடுத்தா, கையெழுத்துப் போட்டப்ப வக்கீலு என்னம்மா பண்ணுனாருன்னு கேப்பாங்க. நீதான் வாங்குனே. 'நான் அந்தம்மாகிட்ட ஒழுங்காக் கேக்கல, வாசிச்சுக் காட்டல, சும்மா வாங்கிட்டு வந்தேன்'னு நீ எழுதிக் குடுப்பியா?"

நான் வாசல் பக்கம் திரும்பினேன்.

"எழுதிக் குடு, நான் தடுக்கல. ஆனா அதுக்கப்புறம் இந்த ஆபீஸ்ல உனக்கு வேலையில்ல. இந்த ஊர்ல எவனும் உன்னைச் சேத்துக்க மாட்டான். யோசிச்சுக்க."

யோசித்தேன். நாலு நாள் யோசித்தேன். யோசித்ததெல்லாம் என்னைப் பற்றித்தான். அப்பாவுக்கு இடுப்பு போய்விட்டது, நான்தான் பார்க்க வேண்டும். தங்கை கல்யாணத்துக்கு இருக்கிறாள். எங்கள் சனத்தில் முதல் வக்கீல், நானே போய் இப்படி எழுதிக் கொடுத்தால் அடுத்தவனை யார் சேர்ப்பார்கள் என்றுகூட யோசித்தேன். சனத்துக்காக யோசிக்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அசிங்கம். அந்த சனத்தில் ஒருத்தி வீட்டு வாசலில் வண்டி வரும் நேரம் பார்த்து இட்லி வேகவைத்துக்கொண்டிருந்தாள்.

ஐந்தாம் நாள் நானே பஸ் ஏறிப் போனேன். பந்தலில் ஏழெட்டு மில் பெண்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா எனக்கு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். வண்டி வந்து அவர்கள் ஏறிப் போகும் வரை காத்திருந்தேன். பிறகு சொன்னேன்.

"சட்டத்துல எடமில்லீங்க்கா."

பொய். இடம் இருந்தது. முயற்சி செய்து தோற்றிருந்தாலும் அது வேறு. நான் முயற்சியே செய்யாமல், சட்டத்தின் தலையில் போட்டுவிட்டு வந்தேன்.

அக்கா அதை நம்பினார். என்னை நம்பினார். "சட்டமே அப்படின்னா நீங்க என்ன பண்ணுவீங்க பாவம்" என்றார். மறுபடியும் 'ங்க' வந்துவிட்டது. "உங்களுக்கு வேற அலைச்சலு. காப்பி குடிச்சுட்டுப் போங்க" என்றார். குடித்தேன். காசு கொடுக்கப் போனேன், வாங்கவில்லை.

மூன்று மாதம் முடிவதற்கு முன்பே காலி செய்துவிட்டார். கோர்ட் ஆள் யாரும் போக வேண்டியிருக்கவில்லை. அவரும் மகளும் அவர்களே ஏறி ஓடுகளை இறக்கினார்களாம். ஓடைக்கரையில் கடை போட்டுப் பார்த்திருக்கிறார். இரண்டு மாதம் ஓட்டினார், யாரும் வரவில்லை. பிறகு மகளோடு அதே மில்லில் கூட்டிப் பெருக்கும் வேலைக்குப் போய்விட்டார் என்று அம்மா சொன்னாள். அம்மாவுக்கு நான் எதையும் சொல்லவில்லை. "பாவம், கேசு தோத்துருச்சாமா" என்றாள். ஆமாம் என்றேன்.

நான் அந்த ஆபீஸில் இன்னும் இரண்டு வருஷம் இருந்தேன். பிறகு தனியாகத் தொழில் ஆரம்பித்தேன். தனி ஆபீஸ் போட்ட புதிதில், வாடகை அறை, ஒரே மேஜை, ஒரு பெண் வந்தார். முப்பது வயதுக்காரர். அவரும் சூலூர்ப் பக்கம், ஓடைக்கரையில் அக்காவுக்கு அடுத்த வீடாம். புருஷனின் அண்ணன், இவர்கள் வீட்டுக்குப் போகும் பாதையை அடைத்துவிட்டாராம்.

"உங்களுக்கு என்னை எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"அக்காதானுங்க சொல்லியுட்டாங்க. நம்ம சனத்து வக்கீலு, ஊடு தேடி வந்து எடுத்துச் சொல்லுவாருன்னு சொன்னாங்க."

நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். "சரி, உங்களுக்கு என்ன வேணும்? பாதை வேணுமா, வேற ஏற்பாடு ஏதாச்சும் ஒத்துக்குவீங்களா?" என்று கேட்டேன்.

"நானென்னத்தைங்க சொல்றது? நீங்க பாத்து..."

"பாத்து செய்ய மாட்டேன்!" என்று கத்தினேன். "நீங்க சொல்லோணும். உங்க வாயால சொல்லோணும். வேணும்னா வேணும், வேண்டாம்னா வேண்டாம். அதைச் சொல்லாம இங்கிருந்து போகக் கூடாது. சொல்லுங்க. இப்பச் சொல்லுங்க!"

அந்தப் பெண் பயந்து எழுந்து நின்றுவிட்டார். "தப்பா ஏதாச்சும் பேசிப்போட்டனுங்களா சார்?" என்றார். இல்லை, தப்பு உங்கள் மேல் இல்லை, உட்காருங்கள், மெதுவாகப் பேசலாம் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் இன்னும் கத்திக்கொண்டுதான் இருந்தேன். அவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.